சேகரித்த சவரக் கருவிகளில் கோளாறா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போவோம்

ஒரே இழுப்பறையில் ஆறு மடக்குச் சவரக் கத்திகள் வைத்திருந்தேன். ஆறையும் நன்றாகத் துடைத்து, எண்ணெய் பூசித்தான் வைத்தேன். சில மாதம் கழித்துத் திறந்தால் மூன்றில் துரு. ஈரம்தான் காரணம் என்று சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டேன். மறுபடியும் துரு. அப்புறம்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது: துருப்பிடித்த மூன்றும் ஒரு கத்தியைச் சுற்றிக் கிடந்தவை. அது ஆமையோடு போலத் தோன்றும் செல்லுலாய்டு கைப்பிடி கொண்ட அழகான கத்தி. அந்தக் கைப்பிடி சிதையத் தொடங்கி, வெளியே கசிந்த ஆவி அக்கம்பக்கத்து எஃகையெல்லாம் தின்றுகொண்டிருந்தது.

அன்றிலிருந்து எந்தக் கோளாறைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். இது எந்தப் பொருளால் ஆனது? இதன் பக்கத்தில் என்ன இருந்தது? கீழே வரும் எல்லா அறிகுறிகளுக்கும் இந்த இரண்டு கேள்விகளையே பிடித்துக்கொண்டு போகலாம்.

கையில் வேண்டியவை அதிகமில்லை: வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் திரவம், பழைய பல் துலக்கும் பிரஷ், தையல் மெஷின் எண்ணெய், மென்மையான துணி, 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும். ரேசரில் பிளேடு இருந்தால் முதல் வேலை அதைக் கழற்றுவது.

மடக்குக் கத்தியில், கைப்பிடிக்குள் மறையும் பகுதியில் மட்டும் துரு

இதுதான் எல்லாவற்றிலும் அவசரமான அறிகுறி. கத்தியைத் திறந்து பாருங்கள். கழுத்தும் (அலகு கைப்பிடியோடு சேரும் இடம்) அடிப்பகுதியும் சுத்தமாக இருக்க, மடக்கும்போது உள்ளே போகும் அலகில் மட்டும் சிலந்தி வலை மாதிரி மெல்லிய துருக்கோடுகள் ஓடினால் கைப்பிடியைச் சந்தேகியுங்கள்.

செல்லுலாய்டா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கட்டைவிரலால் கைப்பிடியைச் சூடேறும்வரை வேகமாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. நைட்ரோ செல்லுலோஸோடு கற்பூரத்தைக் கலந்து இளக்கிச் செய்த பிளாஸ்டிக் அது. தந்தம், கொம்பு, ஆமையோடு எதைப் போல வேண்டுமானாலும் செய்ய முடிந்ததால் பழைய கத்திகளில் நிறையவே பார்க்கலாம். நெருப்பைக் காட்டிச் சோதிக்கும் முறையைச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், சட்டென்று பற்றிக்கொண்டு எரியும் பொருள் இது.

காலப்போக்கில் கற்பூரம் ஆவியாகிப் போகிறது. பிளாஸ்டிக்கிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் பிரிந்து, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகின்றன. அந்த அமிலம் மிச்சமிருக்கும் செல்லுலாய்டையும் வேகமாகச் சிதைக்கிறது. அதாவது ஒருமுறை தொடங்கிவிட்டால் தன்னைத் தானே விரைவுபடுத்திக்கொள்ளும். கைப்பிடிக்குள் பளிங்கு நொறுங்கினாற்போல் கீறல்கள், பித்தளை ஆணிகளைச் சுற்றிப் பச்சை, மூக்கைக் குத்தும் நெடி எல்லாம் தெரிந்தால் அது முற்றிவிட்டது என்று பொருள்.

செய்ய வேண்டியது: அந்தக் கத்தியை உடனே மற்றவற்றிடமிருந்து பிரியுங்கள். கைப்பிடியைக் காப்பாற்ற வழியில்லை, அலகைக் காப்பாற்றலாம். கழுத்தில் இருக்கும் ஆணியின் தலையை மெல்லிய அரத்தால் தேய்த்து, வாஷரை எடுத்துவிட்டு, ஆணியை மெதுவாகத் தட்டி வெளியே தள்ளுங்கள். அலகைச் சோப்பு நீரில் கழுவி, துளிகூட ஈரமில்லாமல் துடைத்து எண்ணெய் பூசுங்கள். கைப்பிடியை மாதிரிக்காக வைத்துக்கொள்ள விரும்பினால் காற்றோட்டமான, குளிர்ந்த, நெருப்புக்கு எட்டாத இடத்தில் தனியே வையுங்கள். மூடிய டப்பா கூடாது. ஆவி வெளியேற வழியில்லாவிட்டால் சிதைவு இன்னும் வேகமெடுக்கும். நல்ல நிலையில் இருக்கும் செல்லுலாய்டு கைப்பிடிகளையும் நான் இப்போது தனித் தட்டில் திறந்தே வைக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை முகர்ந்து பார்ப்பதுதான் அவற்றுக்கான பராமரிப்பு.

அலகு முழுதும் துரு

இது சாதாரண ஈரத் துரு. எண்ணெயில் ஒரு நாள் ஊறவிட்டு, மிக மெல்லிய 0000 எஃகுக் கம்பளியால் முதுகிலிருந்து வாய்ப் பக்கமாக (வாய் என்பது கூரான விளிம்பு) ஒரே திசையில் தேயுங்கள். எதிர்த்திசையில், வாயிலிருந்து முதுகுப் பக்கமாகத் தேய்த்தால் விரலும் போகும், கூரும் போகும். அலகில் பொன்னிறத்தில் எழுத்தோ படமோ இருந்தால் அந்தப் பக்கத்தைத் தொடவே வேண்டாம். அந்தப் பூச்சு இரண்டு தேய்ப்பில் காணாமல் போகும்.

கருநிறமாகப் படிந்திருப்பதெல்லாம் துரு அல்ல. சிவப்பாக, தூளாக வருவதுதான் தொடர்ந்து தின்னும். கறுத்த படலம் அப்படியே இருக்கட்டும். கண்ணாடி போலப் பளபளக்கும்வரை மெருகேற்றிய பழைய கத்திகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். முத்திரையின் விளிம்பெல்லாம் மழுங்கி, யார் செய்தது என்றே படிக்க முடியாமல் போயிருக்கும்.

தோலுறையில் வைத்திருந்தீர்களா என்றும் யோசியுங்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட அமிலமும் அதில் கொஞ்சம் தங்கியிருக்கும். உறையையும் கத்தியையும் ஒன்றாகச் சேகரியுங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக வைக்காதீர்கள்.

எவ்வளவு தீட்டினாலும் கூர் ஏறவில்லை

முதலில் லென்ஸை எடுங்கள். வாயில் மயிரிழை விரிசல் இருக்கிறதா? குழிவாகச் சாணை பிடித்த அலகு விளிம்பருகே காகிதம் போல மெல்லியது. அங்கே விரிசல் விழுந்தால் முகத்தில் வைக்கக் கூடாது, காட்சிக்கு மட்டும். கழுத்தைப் பிடித்துக்கொண்டு அலகை நகத்தால் சுண்டினால் நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது பெரும்பாலும் மொத்தென்று ஒலிக்கும்.

விரிசல் இல்லையென்றால் வாயை ஒரு தட்டையான கண்ணாடிமீது மெதுவாக வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் வாய் உட்புறமாகக் குழிந்திருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் நடுப்பகுதியை மட்டும் அழுத்தித் தீட்டியதன் விளைவு. சரிசெய்ய இரு முனைகளிலும் நிறைய எஃகைக் கரைக்க வேண்டும். ஒரு நூற்றாண்டு தாண்டி வந்த அலகை அப்படிக் கரைக்க எனக்கு மனம் வராது. பயன்படுத்த வேறொன்றைத் தேர்ந்தெடுப்பேன். வெளிப்புறமாகப் புன்னகை போல வளைந்திருந்தால் கவலையே இல்லை. பல பழைய கத்திகளை அப்படித்தான் செய்தார்கள். கல்லில் நேராகத் தள்ளாமல், அடியிலிருந்து முனைக்கு உருட்டுவது போலத் தள்ளினால் போதும்.

இரண்டும் இல்லையென்றால் கோளாறு அடித்தளத்தில். 1000 எண் கல்லில் (எண் ஏற ஏறக் கல் மென்மையானது) சரிவு இருபுறமும் விளிம்பில் வந்து சந்திக்கும்வரை மேலே போகாதீர்கள். 8000, 12000 எண் கற்கள் மெருகு தரும், சரிவு அமைத்துத் தராது. கூர் வந்த பிறகு தோல்வாரில்தான் கெடுகிறது என்றால், வாரின் முனையில் கத்தியைத் திருப்பும்போது வாய்க்கு முன் முதுகைத் தூக்குகிறீர்கள். முதுகு தோலை விட்டு எழவே கூடாது.

மடக்கும்போது வாய் கைப்பிடியில் உரசுகிறது

கழுத்து ஆணி தளர்ந்திருந்தால் சிறு இரும்புக் கட்டியின் மேல் வைத்து, சிறிய உருண்டைத் தலைச் சுத்தியலால் இருபுறமும் மாற்றி மாற்றி லேசாகத் தட்டுங்கள். இரண்டு தட்டு, ஒரு சோதனை, மறுபடி இரண்டு தட்டு. அவசரப்பட்டால் கைப்பிடி பிளந்துவிடும்.

கைப்பிடியின் வால் பக்கம் இரு தகடுகளுக்கு நடுவே ஒரு ஆப்பு இருக்கும். பழைய கத்திகள் பலவற்றில் அது ஈயம். அதில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், ஊதவும் செய்யாதீர்கள். ஈரத் துணியால் துடைத்துத் துணியை எறிந்துவிடுங்கள். பிறகு வைத்திருந்த பெட்டியைப் பாருங்கள். ஓக் மரம் அசெட்டிக் அமில ஆவியை விடும், ஈயம் அதைத் தாங்காது. பெட்டியை மாற்றாமல் பொடியை மட்டும் துடைத்தால் திரும்பத் திரும்ப வரும்.

சேஃப்டி ரேசரில் பச்சையாகக் களிம்பு

களிம்பு தெரிந்தால் உள்ளே பித்தளை இருக்கிறது என்று பொருள். ஒரு வகையில் நல்ல செய்திதான். சோப்பு நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிரஷால் தேயுங்கள். விடாத இடத்தில் பல் குத்தும் மரக்குச்சி. பாதிக்கு மேல் இதிலேயே போய்விடும்.

மீதிக்குப் பாலிஷ் எடுக்கும் முன் முலாம் எது என்று பாருங்கள். நிக்கல் முலாம் லேசான பாலிஷைத் தாங்கும். தங்க முலாம் தாங்காது. சேகரிக்கத் தொடங்கிய புதிதில் தங்க முலாம் போட்ட ஒரு ரேசரை உலோகப் பாலிஷால் ஆசையாகத் துடைத்தேன். துணி கறுக்கக் கறுக்க அழுக்கு போகிறது என்று மகிழ்ந்தேன். போனது தங்கம். இப்போதும் அதை அப்படியே வைத்திருக்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக. பற்பசையும் உராயும் பொருள்தான், அதுவும் வேண்டாம்.

பக்கத்தில் என்ன இருந்தது? பெட்டியின் உட்புறத் துணி, தோல், படிகாரக் கட்டி ஆகிய மூன்றையும் பாருங்கள். படிகாரம் ஈரம் பட்டால் அமிலத்தன்மை கொண்ட கரைசலாகும். சவரம் முடித்துப் படிகாரம் தடவிய விரல்களோடு ரேசரைத் துடைத்து வைத்தால், விரல் பட்ட இடத்திலேயே கறை எழும். கையைக் கழுவிவிட்டு ரேசரைத் தொடுங்கள்.

முலாம் குமிழ் விட்டு உரிகிறது

உரிந்த இடத்தில் மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. மறுபடி முலாம் போட முடியும். போட வேண்டுமா என்பது வேறு கேள்வி. அரிய வகையாக இருந்தால் தேய்ந்த அசல் முலாமே எனக்குப் பிடிக்கும்.

சாம்பல் நிறமாக, பொடிப்பொடியாகத் தெரிந்தால் துத்தநாகக் கலவை, ஜமாக் என்று சொல்வார்கள். இன்று விற்கும் ரேசர்கள் பலவற்றின் தலைகள் குரோம் பூசிய ஜமாக்தான். பூச்சில் ஒரு சிறு துளை விழுந்தாலும் நீர் உள்ளே போய் அடியிலிருந்து அரிக்கும். பழுது பார்ப்பது கடினம், அதனால் வராமல் காப்பதுதான் வழி: கீழே போடாதீர்கள், வினிகரில் ஊறவிடாதீர்கள், பயன்படுத்தியதும் கழற்றி உலர்த்துங்கள். காந்தத்தை வைத்துப் பித்தளையா ஜமாக்கா என்று பார்க்க முடியாது, இரண்டுமே ஒட்டாது. எடை உதவும். ஒரே அளவில் பித்தளை கனமாக இருக்கும்.

திருகினால் கதவு திறக்கவில்லை, எண் வளையம் சுற்றவில்லை

அடியிலுள்ள குமிழைத் திருகினால் பட்டாம்பூச்சி இறகு போலத் தலை திறக்கும் ரேசர்களில் இது சகஜம். உடைந்துவிட்டது என்று மலிவாக விற்றுவிடுவார்கள். பெரும்பாலும் உடைந்திருக்காது. பல ஆண்டுச் சோப்பு, கடின நீரின் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத கசடாகி உள்ளே இறுகியிருக்கும்.

இடுக்கியை எடுக்காதீர்கள். கை தாங்கும் சூட்டில் நீர், சில துளி பாத்திரம் கழுவும் திரவம், ஒரு மணி நேரம். நீர் ஆறினால் மாற்றுங்கள். கொதிநீர் வேண்டாம், எண்களில் இருக்கும் வண்ணம் போய்விடும். பிறகு குமிழின் இடுக்கிலும் கதவு மூட்டுகளிலும் ஒரு துளி எண்ணெய் விட்டு இரவு முழுதும் தலைகீழாக நிறுத்துங்கள். காலையில் விரலால் முன்னும் பின்னும் மயிரிழையளவு அசைத்துப் பாருங்கள். ஒரு ரேசரை இப்படி ஒன்பது நாள் ஊறப்போட்டு எடுத்தேன். பத்தாம் நாள் தானாகச் சுற்றியது.

திறந்த பிறகு ஒரு பழக்கம்: 1 முதல் 9 வரை இடைவெளியை மாற்றும் ரேசர்களில் பிளேடு முழு இறுக்கத்தில் இருக்கும்போது எண் வளையத்தைத் திருப்பாதீர்கள். குமிழைச் சற்றுத் தளர்த்தி, எண்ணை மாற்றி, மறுபடி இறுக்குங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கடிக்கிறது

புதிய பிளேடைப் போட்டு, ரேசரின் தலையை நேருக்கு நேராகக் கண்மட்டத்தில் பிடியுங்கள். இரு பக்கமும் பிளேடு சமமாக வெளியே தெரிகிறதா? இல்லையென்றால் பிளேடை மட்டும் 180 டிகிரி திருப்பிப் போடுங்கள். கோளாறு பக்கம் மாறினால் பிளேடில்தான் குறை. மாறவில்லையென்றால் மேல் மூடியை மட்டும் திருப்புங்கள். இப்போது மாறினால் மூடி வளைந்திருக்கிறது, அப்போதும் மாறவில்லையென்றால் அடித்தகடு. மூடி, அடித்தகடு, கைப்பிடி என மூன்று துண்டாகப் பிரியும் ரேசரில் இந்தச் சோதனை இரண்டு நிமிட வேலை. வாங்குவதற்கு முன்பே செய்துவிடலாம்.

ஒரே ஒரு மூலையில் கடித்தால் அது எப்போதோ கீழே விழுந்த ரேசர். கில்லெட்டின் தொடக்க கால ரேசர்களில் இது தீராத தொல்லையாக இருந்தது. விற்பனை தொடங்கிய 1903-இல் விற்றது 51 ரேசர், 168 பிளேடு. பின்னர் அது உலகெங்கும் பரவியபோது இந்த மூலைச் சிக்கலும் கூடவே பரவியது. 1930-இல் வந்த புதிய வடிவத்தில் பிளேடின் நான்கு மூலைகளையும் வெட்டிவிட்டார்கள், மூலை நசுங்கினாலும் பிளேடைத் தள்ளாதபடி. இன்று நாம் போடும் பிளேடின் வடிவம் அங்கிருந்து வந்ததுதான். லேசான வளைவை மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக அழுத்தி நிமிர்த்தலாம். கூர்மையான மடிப்பை நிமிர்த்தப் போனால் உடையும்.

கைப்பிடியில் நீளவாக்கில் விரிசல்

அந்தத் தொடக்க கால ரேசர்களின் உள்ளீடற்ற பித்தளைக் கைப்பிடிகளில் அடிக்கடி பார்ப்பது இது. செய்யும்போது உலோகத்தில் தங்கிய இறுக்கம், அதோடு அமோனியா, இரண்டும் சேர்ந்தால் பித்தளை தானே பிளக்கும். பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலத்தில் வெடித்து விரிந்ததும் இதே காரணத்தால். லாயத்துக் காற்றில் அமோனியா இருந்தது. ஆகவே அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தைப் பித்தளை ரேசரின் பக்கமே கொண்டுவராதீர்கள். விழுந்த விரிசலை அடைக்க முயல வேண்டாம். பயன்பாட்டுக்கு அதே திருகு அளவில் வேறு கைப்பிடி போட்டுக்கொண்டு, அசலைப் பத்திரப்படுத்துங்கள்.

விற்றவர் சொன்ன ஆண்டும் பொருளும் ஒத்துப்போகவில்லை

1951 முதல் வந்த பல கில்லெட் ரேசர்களின் தலைக்கு அடியில் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். எண் காலாண்டு. எழுத்து ஆண்டு: 1951-க்கு டபிள்யூ, அங்கிருந்து வரிசையாகப் போய் 1954-க்கு இஸட், 1955-இல் மறுபடி ஏ. ஃபேட்பாய் என்று சேகரிப்பவர்கள் அழைக்கும் ரேசரில் டி-4 என்று இருந்தால் 1958-இன் கடைசிக் காலாண்டு, அந்த வகையின் மிகத் தொடக்கம். அதே ரேசரை 1950 என்று யாராவது சொன்னால் தவறு.

மடக்குக் கத்திகளில் நாட்டின் பெயரைப் பாருங்கள். அமெரிக்காவுக்குள் வரும் பொருட்களில் தயாரித்த நாட்டைக் குறிக்க வேண்டும் என்ற சட்டம் 1891-இல் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்து, ஜெர்மனி என்று பொறித்த கத்தி பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. பெயர் இல்லை என்பதால் மட்டும் முந்தியது என்று முடிவு கட்ட முடியாது.

பிரஷ் முடி உதிர்கிறது

புதுப் பிரஷில் முதல் சில நாள் உதிர்வது இயல்பு. அதற்குப் பிறகும் உதிர்ந்தால் விழுந்த முடியை லென்ஸில் பாருங்கள். முழு நீளமாக வந்தால் பசை விடுகிறது. கொத்து முழுதாகக் கழன்று வந்தால் இன்னும் எளிது, இரண்டு பகுதி எப்பாக்சி பசையால் மறுபடி ஒட்டிவிடலாம். பாதியில் முறிந்திருந்தால் அடியில் சோப்புக் கசடு இறுகியிருக்கிறது, அல்லது அழுத்திச் சுழற்றுகிறீர்கள். ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு நீர், ஐந்து நிமிடம், பிறகு நன்றாக அலசல்.

பயன்படுத்தாமல் வைத்த பிரஷில் முடி கத்தரித்தாற்போல் குட்டையாகியிருந்தால் பூச்சி. கம்பளி தின்னும் அந்துப்பூச்சிகளும் தோல்வண்டுகளின் புழுக்களும் முடியைத் தின்னும், கொம்புக் கைப்பிடியையும் குடையும், பெட்டியின் கம்பளித் துணியையும் விடாது. ஒன்றில் கண்டால் எல்லாவற்றையும் சோதியுங்கள். காற்றுப் புகாத பையில் இட்டு, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் பொருள்மேல் நீர் கோத்துக்கொள்ளும். நாப்தலீன் உருண்டை வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும்.

1930-க்கு முந்தைய இயற்கை முடிப் பிரஷ் கிடைத்தால் முகத்தில் வைக்காதீர்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் சரியாகச் சுத்திகரிக்காத குதிரை முடிப் பிரஷ்களால் ஆந்த்ராக்ஸ் பரவியது. அந்த நோயின் வித்துகள் மிக நீண்ட காலம் உயிரோடு இருக்கக்கூடியவை. கிருமி நீக்கியது என்று கைப்பிடியில் பொறித்திருந்தாலும் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நுரை எழும்பி உடனே அடங்குகிறது

பிரஷையும் சோப்பையும் குறை சொல்லும் முன் ஒருமுறை காய்ச்சி வடித்த நீரில் நுரை எழுப்பிப் பாருங்கள். நன்றாக நின்றால் உங்கள் குழாய் நீர் கடினமானது, சோப்பை இன்னும் அதிகமாக, அரை நிமிடமாவது பிரஷில் ஏற்றுங்கள். அதிலும் அடங்கினால் சோப்புக்கு நீர் அதிகம். மேலே வறண்டு பூத்தாற்போல் இருந்தால் நீர் குறைவு, சொட்டுச் சொட்டாகச் சேருங்கள்.

வெள்ளைக் கைப்பிடி மஞ்சளாகிவிட்டது

பழைய பிரஷ்களின் வார்ப்புப் பினாலிக் பிளாஸ்டிக் கைப்பிடிகள், கேட்டலின் என்று சொல்வது, காற்றும் ஒளியும் பட்டு வெண்ணெய் மஞ்சளாகும். இது அழுக்கல்ல, மேற்பரப்பே நிறம் மாறியிருக்கிறது. மெருகேற்றினால் அடியிலிருந்து பழைய வெண்மை வரும், சில ஆண்டில் மறுபடி மஞ்சளாகும். நான் மெருகேற்றுவதில்லை. பிரஷை ஸ்டாண்டில் வைத்தபோது ஒளி படாமல் மறைந்திருந்த கழுத்துப் பகுதியில் அசல் நிறம் மெல்லிய வளையமாக இன்னும் தெரியும். அந்த வளையத்தைப் பார்ப்பதற்காகவே சில பிரஷ்களை வாங்கியிருக்கிறேன்.